சூப்புச் சாடியும் நம் அடுப்படியும்



மேல்நாட்டார் விருந்தின் தொடக்கத்திற் பருகும் சூப்பு வகைகளுள் ஒன்றேனும் நம்மவரிடமிருந்து அவர்களுக்குச் சென்றதாகும். ஆங்கிலேயர் தம் வாய்க்கேற்ப 'முல்லிகட்டானி' என்று வழங்குவது நம்முடைய மிளகுத்தண்ணியையே. சோற்றோடு பிசைந்துண்ணும் இரசத்தை அவர்கள் தனிக் கோப்பையில் ஊற்றினர். இறைச்சியும் மாவுஞ் சேர்த்துத் தடிப்பாக்கினர். பெயர் மட்டும் பழைய உறவைச் சொல்லிக்கொண்டு நின்றது. அந்தச் சூப்பு இப்பொழுது ஒரு மின்சாடிக்குள் அமர்ந்து நம் வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. கொழும்புக் கடைகளில் அதனைக் காணலாம். மத்திய கிழக்கு நாடுகளில் வேலை செய்வோர் ஊருக்கு அனுப்பும் பொதிகளிலும் சில வேளைகளில் அது வந்து சேர்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்தில் வாழும் ஒரு குடும்பம் இதனைப் பணங்கொடுத்து வாங்குவது தகுமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அக்கருவி இயங்கும் வகையை அறிவோம். பார்வைக்கு அஃது ஒரு பெரிய மின்கேத்தலைப் போன்றது. அடியில் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தட்டு ஒன்று உண்டு. மூடியின் உள்ளே சிறு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு சாடியினுள் இறங்கி, நுனியிற் கத்தியோடு நிற்கும். நறுக்கிய காய்கறியையும் நீரையும் இட்டு மூடி, ஒரு பொத்தானை அழுத்தினால் தட்டுச் சூடேறும். கொதிவந்ததும் வெப்பந் தானே தணியும். நுரை பொங்கி மேலெழுமாயின் அதனை உணரும் ஒரு சிறு உலோகமுனை உடனே வெப்பத்தை நிறுத்திவிடும். இறுதியிற் கத்தி சுழன்று எல்லாவற்றையும் மசித்துவிடும். ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில் வேலை முடியும். முடிந்ததைக் கருவியே ஒலியெழுப்பி அறிவிக்கும்.

இதே அமைப்புடைய கருவியொன்று கீழைத்தேயத்தில் முன்னரே புகழ் பெற்றிருந்தது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தைச் சேர்ந்த ஜினான் நகரில், 1994ஆம் ஆண்டில், வாங் சூனிங் என்பவர் சோயாப்பால் காய்ச்சும் மின்சாடியோடு ஜோயோங் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். சோயா அவரையை அரைத்தல், வடித்தல், காய்ச்சுதல் என வைகறையில் எழுந்து செய்யவேண்டிய வேலையை ஒரே பாத்திரத்தில் முடித்துத் தந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம். அங்கே வீடுதோறும் நாடோறும் குடிக்கும் ஒரு பானத்துக்காக அக்கருவி பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நம் வீட்டில் நாடோறும் ஆகும் எந்த உணவுக்காக இந்தச் சாடியை வாங்கப்போகிறோம் என்று கேட்டுப் பார்த்தால், பாதி விடை அக்கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

நம் அடுப்படியில் ஆகும் நீர்ப்பதமான உணவுகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம். இரசம் இதற்கு ஏற்றதன்று. இரசத்தின் உயிர் தாளிதத்தில் இருக்கிறது. கடுகு வெடிப்பதற்கும் கறிவேப்பிலை பொரிவதற்கும் எண்ணெய் நன்றாகக் காயவேண்டும். பெரும்பாலான சூப்புச் சாடிகள் கொதிநீரின் வெப்பத்துக்கு மேற் செல்லா. ஆகவே தாளிப்பதற்கு எப்படியும் அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். பற்றவைத்த அடுப்பிலே இரசத்தையும் வைத்துவிடலாம் அன்றோ?

பருப்பைப் பொறுத்தவரை கருவிக்குச் சற்று நற்பெயர் உண்டு. நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் செம்பருப்பு கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெந்தாற் குழைந்துவிடும். பூசணியோ கரட்டோ சேர்த்து மசித்தால் நோயாளிக்கும் முதியவருக்கும் உகந்த உணவாகும். ஆனால் பருப்பும் மாப்பொருளும் அடித்தட்டிற் படிந்து தீயும் இயல்புடையன. அதனால் நீர் சற்றே கூடுதலாக வேண்டும். உலர்ந்த அவரை வகைகளை நேரே இச்சாடியில் இடுவது கூடாது. கடலையும் தட்டைப்பயறும் 20 நிமிடத்தில் வேகா. சிவப்புச் சிறுநீரக அவரையிலோ வேகாதபோது வயிற்றைக் கெடுக்கும் நச்சுப் புரதம் ஒன்று உண்டு. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரிற் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பின்னரே அஃது உண்ணத்தக்கதாகும். பயறு முற்றும் மென்மையாக மேலும் நெடுநேரம் வேகவேண்டும். எலும்புத்துண்டுகளை இட்டாற் கத்தி கெடும். பச்சை இறைச்சியை இடவேண்டாமென்று பல கருவிகளின் கைந்நூல்களே எச்சரிக்கின்றன.

இனி இலைக்கஞ்சி. சிங்கள அயலவர் கொலகெந்த என்று விடியற்காலையில் அருந்துவதும், நம் வீடுகளிலும் வழக்கில் வந்துவிட்டதுமாகிய இக்கஞ்சியே இந்த மாகாணத்தின் உண்மையான சூப்பு எனலாம். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரையோ சாத்தாவாரியோ இடித்துப் பிழிந்த சாற்றை ஊற்றி, தேங்காய்ப்பால் சேர்த்து, கித்துட்கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு பருகுவார்கள். இதன் நுட்பம் யாதெனில், இலைச்சாற்றை இறுதியிலேயே சேர்க்கவேண்டும் என்பது. பச்சையிலையின் நிறப்பொருளிலே மக்னீசியம் என்னும் தாது அடங்கியுள்ளது; நெடுநேரம் கொதித்தால் அது நீங்கி, பச்சை மாறிப் பழுப்பு வந்துவிடும். உயிர்ச்சத்து சீயும் வெப்பத்தில் அழிந்துவிடும். தேங்காய்ப்பாலும் அதிகங் கொதித்தால் திரிந்துபோகும். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுப் பொத்தானை அழுத்தினால், சாடியினின்று வருவது பாசி படிந்த குளத்துநீரின் நிறமுடைய ஒரு கூழ். எங்கள் பாட்டிமார் கடிகாரம் இல்லாமலே அறிந்த முறையைப் பொத்தான் அறியாது.

பூசணி, கரட், உருளைக்கிழங்கு, மரவள்ளி, முருங்கையிலை என்பவற்றை மசித்துக் குடிக்க விரும்புவோருக்குக் கருவி நன்கு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. கரட்டையும் பூசணியையும் பச்சையாகக் கடித்துண்பதிலும் அவித்து மசித்து உண்டால் அவற்றின் கரோட்டீன் உடலில் எளிதாகச் சேரும். ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ எண்ணெயோ கலந்தால் இன்னும் நன்று. ஆனால் அவித்து மசிக்கும் வேலையை மத்தும் சட்டியும் செய்யா என்று யார் சொன்னார்?

மின்சாரத்தின் கணக்கை இனிப் பார்ப்போம். இதில் வாங்குவோர் பலர் வீணே அஞ்சுகின்றனர்; சிலர் அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுவதில்லை. ஒன்றரை லீற்றர் நீரை நம் ஊர் அறைவெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொணர ஏறத்தாழ 0.13 அலகு மின்சாரம் தேவை. கொதியைக் காத்தல், சாடியினின்று வெளியேறும் வெப்பம், கத்தி சுழலுதல் யாவுஞ் சேர்த்து ஒரு முறைக்கு 0.2 அலகு என்று கொள்வோம். அதன் விலை சிறிதே. ஆயினும் நாள்தோறும் ஒரு முறை பாவித்தால் மாதம் 6 அலகு ஆகிறது. நம் நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் அமைப்புடையது. அதிலே 60 அலகு ஒரு பெரிய எல்லைக்கோடு. அதனைத் தாண்டும் மாதத்தில், குறைந்த பாவனையாளருக்குரிய மலிவான முதற்படிகள் கைவிட்டுப்போகும். மேலுள்ள அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே வேறோர் அட்டவணை வந்துவிடும். நிலைக்கட்டணமும் உயரும். இரண்டு மின்விளக்கு, ஒரு தொலைக்காட்சி, சோறு சமைக்கும் ஒரு குக்கர் என்று 56 அலகோடு மாதத்தை முடிக்கும் ஒரு வீட்டில் இந்த 6 அலகு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். 40 அலகுடைய வீட்டுக்கும் 100 அலகுடைய வீட்டுக்கும் இக்கவலை இல்லை. ஆதலால் கடைக்குச் செல்லுமுன் கடந்த மூன்று மாத மின்பட்டியலை எடுத்துப் பார்ப்பது நன்று.

அதனிலும் பாரதூரமானது மின்கம்பி. 1,000 வாற்றுச் சாடியொன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 4.3 அம்பியர் இழுக்கும். அதே வேளையில் 700 வாற்றுச் சோற்றுக் குக்கரும் இயங்கினால் மேலும் 3 அம்பியர். பழைய லயக் காம்பராக்கள் பலவற்றில் விளக்குக்கென்று இழுக்கப்பட்ட மெல்லிய கம்பியும், 5 அம்பியருக்குரிய வட்டத்துளைப் பொருத்தியுமே இன்றும் உள்ளன. புதுக்கருவியின் முளைகளோ 13 அம்பியருக்குரிய சதுர முளைகள். பொருந்தாத முளையைப் பொருத்த நம்மவர் செய்யும் தந்திரங்களை யான் இங்கே விரித்துரைக்கவில்லை, கேட்பவர் கற்றுக்கொண்டுவிடக்கூடும்! எங்கள் பாடசாலைக்கு அயலே ஒரு தோட்டத்தில், வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய சூப்புச் சாடியைத் தாயார் தேநீருக்கு வெந்நீர் வைக்கவே பாவித்துவந்தார். அதன் கம்பி, அடுத்த காம்பராவிலிருந்து கூரை வழியாய் வந்த இன்னொரு கம்பியின் முனையிற் சுற்றப்பட்டிருந்தது. லயத்தில் ஒரு காம்பராவிற் பற்றும் தீ அந்த ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. நிலத்தொடுப்பும், மின்கசிந்தால் உடனே துண்டிக்கும் 'டிறிப் சுவிச்சும்' இல்லாத வீட்டில், ஈரக்கையோடு கையாளும் எந்த மின்பாத்திரத்தையும் வாங்காதிருத்தலே நலம். முதற் செலவு தகுதிபெற்ற மின்வினைஞருக்கு உரியது; கருவி பின்னர் வரலாம்.

மின்சாரம் என்றும் இருக்கும் என்ற எண்ணமும் நமக்கு ஒருமுறை பொய்த்தது. பலாங்கொடைப் பகுதியில் 1992 முதல் மின்னளித்துவரும் சமனலவெவ நிலையம் 120 மெகாவாற்று ஆற்றலுடையது. நீர்வளத்துக்குப் பெயர்பெற்ற மாகாணம் நம்முடையது. எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை இந்நாடு கண்டது. அதே ஆண்டில் எரிவாயுவுக்காக மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு வீதியோரங்களில் வரிசையில் நின்றனர். அந்நாட்களில் நகரத்தார் விறகடுப்பைத் தேடினர். நம் தோட்டத்தாரோ அதனை விட்டு விலகியதே இல்லை.

விறகைப் பற்றி இங்கே ஒரு சொல். சூப்புச் சாடியை ஆதரிப்போர் கூறும் வாதங்களுள் வலிமையானது புகை பற்றியது. அது நியாயமான வாதம். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றருக்கு மேல். விறகு காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஈரமான இறப்பர் விறகை ஊதி ஊதி எரிக்கும் பெண்ணின் கண்ணும் நெஞ்சும் படும் பாட்டை அறியாதார் இங்கு யாருமிலர். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆனால் சூப்புச் சாடி வந்த வீட்டில் எந்தப் புகை குறைகிறது? ரொட்டி தோசைக்கல்லிலேதான் வேகும். கறியும் சம்பலும் வேறு வேலைகள். சாடி சூப்பின் புகையை மட்டும் நீக்கும்; அதுவோ அன்றாடப் புகையில் மிகச் சிறிய பங்கு. புகையைக் குறைப்பதே நோக்கமாயின், அதே பணத்துக்கு 'அநகி' என்னும் களிமண் அடுப்பும் ஒரு புகைபோக்கியும் கூடுதலாக உதவும். இலங்கையிலேயே உருவாகி ஊரூராய்ப் பரவிய அநகி அடுப்புக்கு ஒரு தீவாயிலும் இரண்டு பாத்திர இருக்கைகளும் உண்டு. முன்னிருக்கையிற் சோறு வேகும்போது, அங்கிருந்து தப்பிவரும் சுவாலை பின்னிருக்கைப் பாத்திரத்தைச் சூடாக்கும். அப்பின்னிருக்கையிற் பருப்பும் பூசணியும் நீருமிட்டு ஒரு சட்டியை வைத்துவிட்டால், சோறு வடிக்கும் வேளையிற் சூப்பு ஆயத்தமாயிருக்கும். அதற்கென ஒரு சுள்ளியும் எரிக்கவேண்டியதில்லை.

நேரம் மிச்சமாகும் என்பது மற்றொரு வாதம். கொழுந்து பறிக்கவோ இறப்பர்ப் பால்வெட்டவோ விடியலிலே புறப்படும் பெண்ணுக்கு 20 நிமிடம் என்பது சிறுபொருளன்று. பக்கத்தில் நின்று கிண்டவும் ஊதவும் வேண்டாத 20 நிமிடம் அதனினும் பெரிது. இதனை யான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நறுக்குதல், கழுவுதல் என்பன குறைவதில்லை; மூடியிலே மோட்டார் இருப்பதால் அதனை நீரில் அமிழ்த்திக் கழுவவும் இயலாது. கத்தியைச் சுற்றி ஒட்டிக்கொண்ட மசியலைத் துடைத்தெடுக்கும் நேரத்தையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். விற்பனையாளர் அக்கணக்கைச் சொல்வதில்லை.

இனிக் கூறப்போவதை, பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பிற் காண்பவன் என்ற முறையிலே சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற மக்கட்டொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ அத்தொகை நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. இத்தகைய இடத்திலே சூப்பு சத்துள்ளது, ஆகவே பிள்ளைக்குச் சூப்புக் கொடுங்கள் என்று பொதுப்படச் சொல்வது ஆபத்தானது. சூப்பின் பெரும்பகுதி நீர். சிறு வயிறு அந்நீரால் நிரம்பிவிட்டால், உண்மையான உணவுக்கு அங்கே இடமிராது. எலும்பைக் கொதிக்கவைத்த நீரிலே சுண்ணாம்புச்சத்து நிறைய இறங்கிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கையே. இறங்குவது மிகச் சொற்பம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு ஊட்டத் தொடங்கும் உணவு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடாத தடிப்புடையதாக இருக்கவேண்டும். சோறும் பருப்பும் முட்டையும் நெத்தலியும் மசித்து, சிறிது எண்ணெய் விட்டுப் பிசைந்தது சிறந்தது. சூப்புச் சாடியோ தன் கத்தி சுழலவேண்டுமென்பதற்காக நீர் நிறையக் கேட்கும் பாத்திரம். குழந்தைக்கென்று அதனை வாங்க எண்ணும் இளந்தாய்மார் இவ்வொன்றையேனும் மனத்திற் கொள்வார்களாக. அப்பணத்துக்கு வாங்கும் முட்டைகள் எத்தனை மாதத்துக்குக் காணும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியாயின் யார்தான் வாங்கலாம்? பல்லிழந்த முதியவரோ, விழுங்க இடர்ப்படும் நோயாளியோ வீட்டில் இருந்து, மற்றையோர் யாவரும் பகலில் வேலைக்குச் செல்லும் குடும்பம் வாங்கலாம். அம்முதியவர் அடுப்பருகே குனியாமல், கொதிக்கும் சட்டியைத் தூக்காமல், ஒரு பொத்தானால் தம் மதிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்வார். அவருக்கு இது வசதி மட்டுமன்று. பிறர் கையை எதிர்பாராத ஒரு மதிப்பும் ஆகும். நகரிலே தனியறையிற் தங்கிப் பணிபுரியும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அவர்களும் சாடியின் அளவைப் பார்த்தே வாங்கவேண்டும். பெருஞ்சாடிகளுட் சிலவற்றில் உட்புறத்துக் கீழ்க்கோடு வரை நிரப்பினாலே ஒரு லீற்றருக்கு மேலாகிவிடும். அக்கோட்டுக்குக் குறைந்தாற் கருவி சரியாக இயங்காது. தனியொருவர் மூன்று வேளைக்கு ஒரே பூசணிச் சூப்பையே குடித்துக்கொண்டிருக்க நேரும். ஒரு லீற்றர் அளவுடைய சிறுசாடி அவருக்குப் போதும்.

நாலைந்து பேருள்ள ஏனைய தோட்டக் குடும்பங்களுக்கு என் விடை வேண்டாம் என்பதே. பிரசர் குக்கர் இல்லாத வீடாயின் முதலில் அதனை வாங்குக. கடலையும் பயறும் இறைச்சியும் கிழங்கும் அதிலே வேகும்; விறகும் எரிவாயுவும் மிஞ்சும்; மின்சாரம் இல்லாத நாளிலும் அது வேலைசெய்யும். பிளெண்டர் ஏற்கெனவே உள்ள வீட்டிற் சூப்புச் சாடி செய்யும் வேலையிற் பாதி முன்னரே நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கொதிக்கக் கொதிக்கச் சூப்பை பிளெண்டரில் ஊற்றி மூடி ஓட்டாதீர்கள்; உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தள்ளி முகத்திலும் கையிலும் வீசிவிடும். இளஞ்சூடாக ஆறவிட்டு, பாதியளவே நிரப்பி ஓட்டவேண்டும்.

எல்லாங் கேட்டபின்னும் வாங்குவதென்று துணிந்தவர்கள், கடையிலே சாடியின் அடியிலுள்ள தகட்டைப் புரட்டிப் பார்த்து வாற்றளவை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே தட்டு ஒட்டாப்பூச்சுடையதா, வெறும் எஃகா என்றும் பாருங்கள். பூச்சாயின் கம்பிச்சுருளால் தேய்த்தல் ஆகாது. கத்தியும் மூடியின் இறப்பர் வளையமும் தனியே விற்கப்படுகின்றனவா, பழுது பார்ப்பவர் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இருக்கிறாரா, அல்லது கொழும்புக்கே அனுப்பவேண்டுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உத்தரவாதச் சீட்டிற் திகதியும் முத்திரையும் இடுவித்து வாங்கி, மின்பட்டியல்களோடு சேர்த்துக் கோத்து வையுங்கள்.